எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிக்க வேண்டும்: எடின்பரோ திரைப்பட விழாவுக்கு ஒரு திறந்த மடல்

எடின்பரோ சர்வதேசத் திரைப்பட விழாவில் துவக்கப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். சினிமாவைப் பற்றி நான் யோசிப்பதெல்லாம் தமிழில்தான், மனதில் இருப்பது முழுசாக வெளியே வர வேண்டுமென்றால் எனக்கு வேறு வழியில்லை. எழுதி முடித்ததும் ஆங்கிலத்தில் மாற்றித் தருவதாக நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார், அது உங்களுக்கு வந்து சேரும். வெளியூரில் உட்கார்ந்து படம் பார்க்கிற தமிழர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது என்பதால் இங்கேயும் போடுகிறேன்.

2011 ஜூன் 15ஆம் தேதி உங்கள் விழா 'தி கார்ட்' படத்தோடு தொடங்கியது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு போலீஸ்காரரைப் பற்றிய படம், எழுதி இயக்கியவர் ஜான் மைக்கேல் மெக்டோனா, அவருடைய முதல் முழுநீளப் படம். அந்தத் துவக்க நாளில் நான் இல்லை. அந்த ஆகஸ்டில்தான் படிப்புக்காக இந்த ஊருக்கு வந்து இறங்கினேன், அதே மாதம் 19ஆம் தேதி படம் பிரிட்டன் திரையரங்குகளில் வெளியானது, வெளியான வாரமே போய்ப் பார்த்தேன். ஊரில் ஒருவரையும் தெரியாது. தியேட்டரில் கூட்டத்தோடு உட்கார்ந்து சிரித்தால் ஊர் கொஞ்சம் பழகிவிடும் என்று ஓர் எண்ணம்.

முதல் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். வேகமாகப் பறந்த கார் ஒன்று விபத்தில் சிக்குகிறது, உள்ளே இருந்த பையன்கள் செத்துக் கிடக்கிறார்கள். சார்ஜென்ட் ஜெரி பாயில் நிதானமாக நடந்து வந்து, செத்தவன் பாக்கெட்டில் கைவிட்டு, அதில் இருந்த எல்எஸ்டி என்ற போதைப்பொருளை எடுத்துத் தன் நாக்கில் வைத்துக்கொண்டு, இன்றைய நாள் எவ்வளவு அழகு என்கிறார். பாயிலாக நடித்த பிரெண்டன் க்ளீசனின் அந்த முகம்! தியேட்டரே அதிர்ந்தது, நானும் சிரித்தேன். அது கண்ணால் பார்த்தாலே புரிகிற சிரிப்பு. அப்புறம் எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

ஆங்கிலம் எனக்குத் தெரியாத மொழி இல்லை. பள்ளியிலிருந்து படித்தது ஆங்கிலத்தில், அன்றைக்குப் படிக்க வந்ததும் ஆங்கிலத்தில்தான். ஆனால் படம் நடக்கிற மேற்குக் கரைப் பகுதியான கான்னமாராவின் ஆங்கிலம், அதுவும் வாயைத் திறக்காமல் பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலும் பேசுகிற ஆங்கிலம், எனக்குக் கிடைக்கவில்லை. முன்வரிசை சிரிக்கும், பக்கத்து வரிசை சிரிக்கும், என்ன சொன்னார் என்று நான் மனதுக்குள் கோர்த்து முடிப்பதற்குள் அடுத்த வசனம் பாதி போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் கோர்ப்பதையே விட்டுவிட்டேன். மற்றவர்கள் சிரிக்கும்போது முகத்தை மட்டும் அப்படி வைத்துக்கொண்டேன்.

அதைவிடக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிலிருந்து வெண்டெல் எவரெட் என்ற அதிகாரி வருகிறார், டான் சீடில் நடித்த பாத்திரம், கறுப்பின மனிதர். கடத்தல்காரர்களின் படங்களைத் திரையில் போட்டு உள்ளூர் போலீசாருக்கு விளக்குகிறார். அப்போது பாயில் எழுந்து கறுப்பர்களைப் பற்றி ஏதோ சொல்கிறார். எனக்குக் காதில் விழுந்தது நிறத்தைக் குறிக்கிற அந்த ஒரு சொல்லும் அதைத் தொடர்ந்து தியேட்டரில் எழுந்த பெரிய சிரிப்பும் மட்டும்தான். வாக்கியம் விழவில்லை. சுற்றி இருந்தவர்களில் என் நிறத்தில் வேறு யாரையும் காணோம், ஊருக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தச் சில நிமிடங்கள் உடம்பு விறைத்து உட்கார்ந்திருந்தேன். யாரும் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, நான் சொல்வது அதுவல்ல. என்ன சொல்லப்பட்டது என்று தெரியாமல், அதற்குச் சிரிக்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு டிவிடி வாங்கி, சப்டைட்டில் போட்டு, தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் அந்த வாக்கியம் கிடைத்தது. போதைப்பொருள் விற்பவர்கள் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும் மட்டும்தான் என்றல்லவா நினைத்திருந்தேன், இவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களாக இருக்கிறார்களே என்பது போல ஒரு கேள்வி கேட்கிறார் பாயில். அறையில் எல்லோரும் நெளிகிறார்கள். அதே பாயில்தான் அடுத்து, அந்தப் படங்களில் இருக்கும் ஒருவன் ஏற்கெனவே நம் பிணவறையில் கிடக்கிறானே என்று அலட்சியமாகச் சொல்கிறார். அத்தனை பெரிய விசாரணைக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று அந்த மரமண்டைக்குத் தெரிந்திருக்கிறது. எவரெட்டின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும், இந்த ஆள் முட்டாளா, மகா கெட்டிக்காரனா என்று அவர் எடைபோடத் தொடங்குகிற இடம் அதுதான். படம் முழுக்க அவர் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறார், நாமும்தான். அந்தக் கேள்விதான் படம். தியேட்டரில் அது எனக்குக் கிடைக்காமலே போய்விட்டது.

அதனால் படத்தில் வருகிற நிறப் பேச்சு எல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். சில வரிகள் இன்னும் என்னை உறுத்துகின்றன. ஆனால் உறுத்துகிறதா இல்லையா என்று முடிவுசெய்ய முழு வாக்கியம் என் கையில் இருக்க வேண்டும், இல்லையா? தியேட்டரில் எனக்குக் கிடைத்தது வெறும் பயம், வீட்டில் கிடைத்தது ஒரு கருத்து. உங்களிடம் நான் கேட்கப்போவது இதிலிருந்துதான் வருகிறது.

அதற்கு முன்னால் நன்றி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தேர்வு நல்ல தேர்வு, அந்த ஆண்டில் அது சுலபமான தேர்வும் இல்லை. 1947இல் ஆவணப்படங்களுக்காகத் தொடங்கிய விழா உங்களுடையது. 2011 உங்களுக்கு மோசமான ஆண்டு. அதற்கு முன் கைகொடுத்துவந்த பிரிட்டன் திரைப்படக் கவுன்சிலை அரசாங்கம் கலைத்துவிட்டது, அந்த மார்ச்சோடு அது மூடப்பட்டது. சிறந்த பிரிட்டன் படத்துக்கு நீங்கள் தருகிற மைக்கேல் பவல் விருது அந்த ஆண்டு கொடுக்கப்படவில்லை. விழா சோபிக்கவில்லை என்று பத்திரிகைகள் கடுமையாக எழுதின, பிறகு நூலகத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் படித்தேன். அப்படி ஒரு நேரத்தில், பெரிய சரித்திரக் கதையையோ உருகி அழவைக்கிற படத்தையோ நாடாமல், ஆறாயிரம் வசவுகளோடு ஓடுகிற மாதிரி தோன்றும் ஒரு கிராமத்து போலீஸ் படத்தை முதல் நாள் போட்டீர்கள். சிரிப்புப் படம் என்றால் விழாக்காரர்கள் பொதுவாகக் கடைசி நாளுக்கோ நள்ளிரவுக் காட்சிக்கோ தள்ளுவார்கள். நீங்கள் தள்ளவில்லை.

அந்தப் படம் பிறகு அயர்லாந்துத் திரையரங்குகளில் 40 லட்சம் யூரோவுக்கு மேல் வசூலித்து, அதுவரை எந்தச் சுயாதீன ஐரிஷ் படமும் எட்டாத இடத்துக்குப் போனது. ஊர்க்காரர்களே தங்களைப் பார்த்து அவ்வளவு சிரித்திருக்கிறார்கள் என்றால் அதில் உண்மை இருந்திருக்க வேண்டும்.

உண்மை இருந்தது. படத்தின் கதை, ஐம்பது கோடி டாலர் பெறுமான கொக்கெயின் அந்தக் கரையில் வந்து இறங்கப்போகிறது என்பது. இதெல்லாம் சினிமாக்காரன் கற்பனை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 2007 ஜூலையில் அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கார்க் மாவட்டத்தின் மிசென் முனைக்குப் பக்கத்தில், ஒன்றரை டன் கொக்கெயின் உண்மையாகவே கடலில் மிதந்தது. கடத்திவந்த சிறு படகின் இஞ்சின் பெட்ரோலில் ஓடுவது, அதில் யாரோ டீசலை ஊற்றிவிட்டார்கள். நடுக்கடலில் இஞ்சின் நின்றது, அலையில் படகு கவிழ்ந்தது, மூட்டை மூட்டையாகச் சரக்கு அலையில் ஆட, கடத்தல்காரன் ஒருவன் நீந்திக் கரையேறி ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டியதில்தான் எல்லாம் வெளியே வந்தது. 44 கோடி யூரோ பெறும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். இதை யாராவது திரைக்கதையாக எழுதிக் கொண்டுபோனால் எந்தத் தயாரிப்பாளரும் நம்பமாட்டார்.

படத்தில் வருகிற லஞ்சம் வாங்கும் போலீசாரும் அப்படித்தான். அயர்லாந்தின் டொனகால் மாவட்டத்து போலீசார் மீதான புகார்களை விசாரிக்க 2002இல் ஒரு நீதி விசாரணை அமைத்தார்கள், நீதிபதி மோரிஸ் தலைமையில், அது 2008 வரை நடந்தது. போலீசாரே வெடிபொருட்களைத் தயார்செய்து ஒளித்துவைத்துவிட்டு, தாங்களே அவற்றைக் 'கண்டுபிடித்ததாக'க் காட்டியதெல்லாம் அதில் வெளியானது. அயர்லாந்து போலீஸ் படைக்கு ஐரிஷ் மொழியில் பெயரே 'அமைதியின் காவலர்கள்' என்பதுதான். 1922இல் உருவாக்கியபோது, ஆயுத பலத்தால் இல்லாமல் ஊர்க்காரர்களின் ஊழியர்கள் என்ற தார்மீக பலத்தால் இவர்கள் வெல்வார்கள் என்றார் முதல் ஆணையர் மைக்கேல் ஸ்டெயின்ஸ். சீருடைப் போலீசாரில் பெரும்பாலானவர்கள் இன்றும் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. இந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால், மேலதிகாரிகள் விலைபோன ஊரில் விலைபோகாத ஒரே ஆளாக பாயில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அந்த மனிதர் விடுமுறை நாளில் வேலை பார்க்கமாட்டார், விலைமாதரை வரவழைத்துக்கொள்வார், போதை எடுப்பார், ஆனால் பணம் மட்டும் வாங்கமாட்டார். நம்மூர் போலீஸ் படங்களில் நேர்மையான அதிகாரி என்றால் மீசையிலிருந்து நடை வரை எல்லாமே நேர்மையாக இருக்கும், அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஆள் ஒரு புதிய பாடம்.

சாகப்போகிற அம்மாவைப் பார்க்க அவர் போகிற காட்சிகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடிக்கமாட்டேன். ஃபியனுலா ஃபிளானகன் அந்த அம்மா. மகனும் அம்மாவும் கொச்சையாகத்தான் பேசிக்கொள்கிறார்கள், பாசமாக ஒரு சொல் வாயிலிருந்து வராது, ஆனால் கடைசியாக ஒருமுறை நேரில் பாட்டுக் கேட்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட, மகன் பப்புக்குக் கூட்டிப்போகிறார். அங்கேயும் வசனம் தவறிவிட்டால் பாசம் தவறிவிடும்.

சரி, மொழிக்கு வருகிறேன். கான்னமாரா, ஐரிஷ் மொழி இன்னும் வீட்டில் பேசப்படுகிற பகுதிகளில் முக்கியமானது. 1937 அரசியல் சட்டப்படி அதுதான் நாட்டின் முதல் ஆட்சிமொழி, ஆனால் ஐரிஷ் காதில் விழாமலே நாள் முழுக்கச் சுற்றிவரக்கூடிய ஊர்கள் அந்த நாட்டில் நிறைய. அந்த மொழிக்கான வானொலி 1972இல்தான் கிடைத்தது, தொலைக்காட்சி 1996இல். படத்தில் எவரெட் தனியாக வீடு வீடாகப் போய் விசாரிக்கும்போது ஊர்க்காரர்கள் ஆங்கிலமே தெரியாதவர்கள் மாதிரி ஐரிஷில் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய புலனாய்வு அமைப்பின் ஆள், கையில் நோட்டோடு, ஒன்றும் புரியாமல் சாலையில் நிற்கிறார். அந்தக் காட்சியில் தியேட்டரே எவரெட்டைப் பார்த்துச் சிரித்தது. நான் எவரெட்டாக உட்கார்ந்திருந்தேன்.

யாருக்கும் புரியாத மொழி என்றால் உடனே திரையின் கீழே எழுத்து போடுகிறீர்கள், கொரியப் படத்துக்கும் ஈரானியப் படத்துக்கும் போடுகிறீர்கள், யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. ஆங்கிலம் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் புரியும் என்று ஆகிவிடுகிறது. கான்னமாரா ஆங்கிலமும் கிளாஸ்கோ ஆங்கிலமும் ஆர்க்னித் தீவு ஆங்கிலமும் ஒன்றா? 2015இல் ராபர்ட் கார்லைல் இயக்கிய 'தி லெஜண்ட் ஆஃப் பார்னி தாம்சன்' படத்தோடு தொடங்கினீர்கள், கிளாஸ்கோ முடிதிருத்துபவர் ஒருவரும் குவிகிற பிணங்களும், இன்னொரு கறுப்பு நகைச்சுவை. அதைப் பார்க்கும்போது இந்த நாட்டில் நான்கு வருடம் வாழ்ந்து காது பழகியிருந்தது. அப்படியும் நிறைய விட்டேன்.

என்னைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. நான் இருக்கும் லீத் பகுதியில், என் வீட்டுக்கு மேல் மாடியில் ஓர் அம்மா இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அவர் பேசுவது சினிமாதான். சின்ன வயதில் எந்தத் தெருவில் எந்தத் தியேட்டர் இருந்தது, எதில் யாரோடு போய் என்ன பார்த்தார் என்று தேதியோடு சொல்வார். காதுக்குக் கருவி வைத்த பிறகு தியேட்டருக்குப் போவதை நிறுத்திவிட்டார். சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை என்கிறார். எழுத்தோடு போடுகிற காட்சிகள் உண்டே என்றேன். அவை பெரும்பாலும் ஒரு வார நாள் மத்தியானத்தில், ஆளில்லாத அரங்கில் இருக்கும், ஆளில்லாத அரங்கில் நகைச்சுவைப் படம் பார்த்து என்ன செய்வது என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதுதான் விஷயமே. சிரிப்புப் படத்துக்குக் கூட்டம் வேண்டும், ஓர் ஊரின் திரைப்பட விழாவில் அந்தக் கூட்டம் கூடுகிற இரவு துவக்க இரவுதான்.

எனவே என் கோரிக்கை: துவக்கப் படத்தை, முதல் நாள் முதல் காட்சியிலேயே, எல்லோருக்கும் தெரியும்படி திரையின் கீழே சப்டைட்டிலோடு போடுங்கள். ஆங்கிலப் படமாக இருந்தாலும் போடுங்கள், நகைச்சுவைப் படமாக இருந்தால் கட்டாயம் போடுங்கள்.

இதற்கு என்ன எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும், அது நியாயமான எதிர்ப்பு, இயக்குநர்கள்தான் முதலில் சொல்வார்கள். நகைச்சுவையின் உயிர் நேரத்தில் இருக்கிறது. க்ளீசன் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தி, தேநீர் குடிப்பது போல ஒரு கணம் தள்ளி, மீதியைப் போடுவார். முழு வரியும் முன்கூட்டியே திரையில் எழுத்தாக வந்துவிட்டால் எல்லோரும் படித்துச் சிரித்துவிடுவார்கள், அவர் சொல்லும்போது சிரிப்பு தீர்ந்திருக்கும். உண்மைதான், டிவிடியில் பல இடங்களில் எனக்கே அப்படி ஆனது. ஆனால் அது எழுத்தின் குற்றமில்லை, எழுத்தை வெட்டிய விதத்தின் குற்றம். நடிகர் நிறுத்துகிற இடத்தில் எழுத்தும் நிற்க வேண்டும், கடைசிச் சொல் அவர் வாயிலிருந்து வரும்போது கீழேயும் வர வேண்டும். இதைக் கவனமாகச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நேரமும் கூலியும்தான் வேண்டும். ஒரு விழாவுக்கு நூறு படங்களுக்கு இதைச் செய்வது கஷ்டம். ஒரே ஒரு படத்துக்கு, இயக்குநரையோ எடிட்டரையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, செய்யலாம். படம் எடுத்தவர்கள் எப்படியும் அந்த இரவுக்கு ஊருக்கு வரத்தான் போகிறார்கள்.

அப்புறம், எழுத்து கண்ணை இழுக்கும், கான்னமாராவின் அந்தச் சாம்பல் வானத்தை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றும் சொல்வார்கள். முதல் பத்து நிமிடம் இழுக்கும். பிறகு கண் பழகிவிடுகிறது, வேற்றுமொழிப் படம் பார்த்தே வளர்ந்த எங்களைக் கேட்டால் சொல்வோம். தியேட்டரில் வசனத்தைப் பிடிக்க நான் பட்ட பாட்டில்தான் அந்த வானத்தைப் பார்க்கவில்லை. கலெக்ஸிகோ குழுவின் இசை அந்தப் படத்தில் எவ்வளவு அருமையாக இருக்கிறது என்பதும் எனக்கு இரண்டாவது முறைதான் காதில் ஏறியது.

உங்களுக்குச் சொந்தக் கஷ்டங்கள் இருப்பதும் தெரியும். 2022 அக்டோபரில் விழாவை நடத்திவந்த அமைப்பே நொடித்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள், லோதியன் சாலை ஃபிலிம்ஹவுஸ் திரையரங்கின் கதவு மூடியது. மூடிய கதவின் முன்னால் நின்று பார்த்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போன நாளை மறக்கவில்லை. 2024இல் விழா புது நிர்வாகத்தோடு திரும்ப எழுந்தது, 2025 ஜூனில் ஃபிலிம்ஹவுஸும் திறந்தது, அந்த வாரமே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன், படம் எது என்பதுகூட அன்றைக்கு எனக்கு முக்கியமாக இல்லை. எல்லாம் முதலிலிருந்து கட்டுகிற காலம் இது என்பதால்தான் இப்போது கேட்கிறேன், பழகிப்போன பிறகு மாற்றுவது கஷ்டம்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிடுகிறேன். கொஞ்ச காலமாகத் துவக்க இரவில் சிரிப்பு குறைந்திருக்கிறது. நல்ல படங்கள்தான் போடுகிறீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் 'தி கார்ட்' மாதிரி, யாரும் அடிக்கடி போகாத ஒரு மூலையிலிருந்து, அந்த மூலையின் வசவும் வாய்த்துடுக்கும் துக்கமும் துடைக்கப்படாமல் அப்படியே வருகிற படம் ஒன்று கையில் கிடைத்தால், அது போலீஸ் கதையாயிற்றே, கெட்ட வார்த்தையாயிற்றே, மேயர் வந்து உட்காருவாரே என்று தயங்காமல் முதல் நாளுக்கு எடுங்கள். 2011இல் எடுத்தீர்கள்.

அடுத்த விழாவின் துவக்கப் படத்துக்கு எழுத்து உண்டு என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். டிக்கெட் விற்கத் தொடங்கிய உடனே இரண்டு வாங்கிவிடுகிறேன், ஒன்று எனக்கு, ஒன்று மாடி அம்மாவுக்கு. அவருக்கு ஓரத்து இருக்கைதான் வசதி, படி ஏறமாட்டார்.

அன்புடன்,
லீத்திலிருந்து ஒரு ரசிகன்